வாசகர் கேள்வி – பதில்: நெருக்கடி நேரத்தில் தலைவர்கள் பேசும் பேச்சு

சென்ற இதழில், புயல், போர், கலவரம், கொள்ளைநோய் போன்ற நேரங்களில் அரசியல் தலைவர்கள் ‘நம் ஒற்றுமை’, ‘நம் பண்பாடு’, ‘நம் தியாகம்’ என்று மக்களின் பொது விழுமியங்களைத் தொட்டுப் பேசுவதைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து பல கடிதங்கள் வந்துள்ளன. அந்த மாவட்டத்தார் இதில் இவ்வளவு அக்கறை காட்டுவதில் வியப்பில்லை. எல்லைப் போராட்டம், மதக் கலவரம், சுனாமி, ஒக்கிப் புயல் என்று ஒவ்வொரு தலைமுறையும் ஏதேனும் ஒரு நெருக்கடியில் நின்று தலைவர்களின் பேச்சைக் கேட்ட மண் அது. ஆகவே இம்முறை முழுப் பகுதியையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

சோறும் படகும் மருந்தும் வேண்டிய நேரத்தில் ஒற்றுமை, துணிவு, மனிதநேயம் என்ற சொற்களால் என்ன பயன்? இவை அலங்காரம்தானே? – கல்லூரி மாணவி, நாகர்கோவில்

அலங்காரமாகவே முடிந்துபோகும் உரைகள் ஏராளம் என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் அந்தச் சொற்களுக்கு ஒரு வேலை உண்டு. ஒரு மாவட்டத்தின் காவலர், வருவாய்த் துறையினர், மீட்புப் படையினர் அனைவரையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஓர் ஆளை நிறுத்திவிட முடியாது. கடையில் எஞ்சியிருக்கும் அரிசியைப் பதுக்குவதா, பக்கத்து வீட்டுக்கும் கொடுப்பதா, கைப்பேசியில் வந்த வதந்தியை அடுத்தவருக்கு அனுப்புவதா, அங்கேயே நிறுத்துவதா என்பதையெல்லாம் யாரும் பார்க்காத இடத்தில் மனிதர்கள் தாங்களாகவே முடிவு செய்கிறார்கள். அந்த முடிவின் பின்னால் இருப்பது சட்டத்தைவிட அவரவரின் நியாய உணர்வுதான். அதை எட்டாத உரை வெறும் அரசு அறிவிப்பாக நின்றுவிடும்.

அந்த உணர்வை எந்த வரிசையில் தொடுவது என்பதில்தான் நல்ல தலைவரும் வாய்ச்சொல் தலைவரும் வேறுபடுகிறார்கள். 1933-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மக்கள் வரிசையில் நின்று சேமிப்பை எடுக்க, எடுக்க எடுக்க வங்கிகள் சரிந்துகொண்டிருந்தன. மார்ச் 4-இல் பதவியேற்ற பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், நாம் அஞ்ச வேண்டியது அச்சத்துக்கு மட்டுமே என்றார். உலகம் அந்த வரியைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அதைவிட முக்கியமாக நான் கருதுவது மார்ச் 12, ஞாயிறு இரவு அவர் வானொலியில் ஆற்றிய உரை. நீங்கள் போடும் பணத்தை வங்கி பெட்டகத்தில் பூட்டி வைப்பதில்லை. அதைக் கடனாகவும் பத்திரமாகவும் வெளியே விட்டிருக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் திருப்பிக் கேட்டால் நல்ல வங்கியும் தாங்காது என்று ஒரு பள்ளி ஆசிரியரின் பொறுமையுடன் அவர் விளக்கினார். மூடப்பட்டிருந்த வங்கிகளில் எவை எந்த நாளில் திறக்கும், ஏன் எல்லாம் ஒரே நாளில் திறக்காது என்பதையும் சொன்னார். ஒவ்வொரு வங்கியும் திறக்கும் என்றோ, எவருக்கும் இழப்பே நேராது என்றோ தம்மால் உறுதி கூற இயலாது என்பதையும் மறைக்கவில்லை. இவ்வளவும் சொன்ன பிறகுதான் நம்பிக்கையையும் துணிவையும் மக்களிடம் கேட்டார். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியதும், எடுத்த பணத்தைத் திரும்பப் போடுவதற்கு மக்கள் வந்து நின்றனர்.

உண்மை நிலையை முதலில் சொல்லிவிட்டுத் துணிவைக் கேட்பது, கேட்பவரை அறிவுள்ள மனிதராக மதிப்பதாகும். நிலைமையை மூடிவைத்துவிட்டுத் துணிவாக இருங்கள் என்பது குழந்தையை அதட்டி உறங்கவைப்பதோடு ஒக்கும்.

1982 மார்ச்சில் எங்கள் பகுதியில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தைக் கண்ணால் கண்டவன் நான். மேடைப் பேச்சு தீ மூட்டும் என்பது எனக்குத் தெரியும். அணைக்குமா? – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மண்டைக்காடு அருகில்

அணைக்கும், ஐயா. ஆனால் மூட்டுவதற்கு ஒரு பொய் போதும்; அணைப்பதற்கோ உண்மையும் வேகமும் சொல்பவரின் தகுதியும் ஒருசேர வேண்டும். இதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1948 ஜனவரி 30 மாலை தில்லியில் காந்தியடிகள் சுடப்பட்டார். சுட்டவன் முஸ்லிம் என்ற வதந்தி உடனே கிளம்பியது. பிரிவினையின் ரத்தம் உலராத அந்த நாள்களில் அந்த வதந்தி இன்னும் சில மணி நேரம் வாழ்ந்திருந்தால் எத்தனை ஆயிரம் பேர் மாண்டிருப்பார்களோ சொல்ல முடியாது. கொன்றவன் ஓர் இந்து என்பதை அகில இந்திய வானொலி தெளிவாக அறிவித்தது. அன்றிரவு நேரு எழுதிவைத்த உரை எதுவுமின்றி வானொலியில் பேசினார். நம் வாழ்விலிருந்து ஒளி போய்விட்டது, எங்கும் இருளே என்று தொடங்கியவர், சிறிது நேரத்தில், ஒளி போய்விட்டது என்று நான் சொன்னது தவறு, அது சாதாரண ஒளியன்று, ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் இந்நாட்டில் தெரியும் என்று தம்மையே திருத்திக்கொண்டார். பலரும் மேற்கோள் காட்டுவது இந்தப் பகுதியைத்தான். என் கண்ணுக்குப் படுவது அதன் பின் வருவது. நாட்டில் நஞ்சு பரவியிருக்கிறது, அதை வேரறுக்க வேண்டும், ஆனால் வெறிகொண்டு அல்லாமல் நம் அன்புக்குரிய ஆசான் காட்டிய வழியில் செய்ய வேண்டும் என்றார். சினம் வந்துவிட்டது என்பதற்காக நம்மில் எவரும் முறைகேடாக நடக்கக் கூடாது என்பதே முதலில் நினைவில் கொள்ள வேண்டியது என்றும் சொன்னார். மக்களின் சினத்தை அவர் இல்லையென்று சொல்லவில்லை. இறந்தவரின் வாழ்வையே அளவுகோலாக்கி அந்தச் சினத்துக்கு வரம்பு கட்டினார். அப்படியிருந்தும் மராட்டியப் பகுதிகளில் கொலையாளியின் சாதியைச் சேர்ந்தவர்கள் தாக்கப்பட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எந்த உரையும் எல்லாக் கைகளையும் தடுத்துவிடாது.

இரண்டாவது, தென்னாப்பிரிக்கா. 1993 ஏப்ரல் 10-இல் கருப்பின மக்களின் பெரும் அன்பைப் பெற்ற தலைவர் கிறிஸ் ஹானி, தம் வீட்டு வாசலில் ஒரு வெள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்டார். நிறவெறி ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவரும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த காலம் அது. நாடு உள்நாட்டுப் போரின் விளிம்பில் நின்றது. ஆட்சியில் இருந்தவர் வெள்ளையரான அதிபர் டி கிளர்க். ஆனால் தொலைக்காட்சியில் மக்களை அமைதிப்படுத்தியவர் எந்த அரசுப் பதவியிலும் இல்லாத நெல்சன் மண்டேலா. வெறுப்பு நிறைந்த ஒரு வெள்ளை மனிதன் நம் நாட்டுக்கு வந்து இந்தக் கொடுமையைச் செய்தான் என்றார். அடுத்த மூச்சிலேயே, ஆப்பிரிக்கானர் இனத்தைச் சேர்ந்த ஒரு வெள்ளைப் பெண் தம் உயிரைப் பொருட்படுத்தாமல் அவனை நாம் அறிய உதவினார் என்றார். கொலையாளியின் வண்டி எண்ணைக் குறித்துக் காவல்துறைக்குச் சொன்னவர் அந்தப் பெண். இரண்டு வாக்கியங்களும் உண்மை. முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லியிருந்தால் மறுநாள் காலை நடந்திருக்கக்கூடியது வேறு. இரண்டையும் சேர்த்துச் சொன்னதால், பிளவு நிறத்தில் இல்லை, கொலைக்கும் நீதிக்கும் இடையில்தான் இருக்கிறது என்பது கேட்டவர்களுக்குப் புலப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தது.

மண்டைக்காட்டுக்கு வருகிறேன். அம்மன் கோவிலின் மாசிக் கொடை விழாக் காலத்தில் மூண்டு, மார்ச் 1-இல் துப்பாக்கிச் சூட்டில் போய் நின்று, பின் கடற்கரை ஊர்களுக்கெல்லாம் பரவிய அந்தக் கலவரத்தை நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது தாங்கள் அறிந்ததே. அந்த நாள்களில் அமைதிப் பணிக்காக இங்கே வந்து இரு தரப்பாரோடும் பேசியவர்களில் குன்றக்குடி அடிகளார் முதன்மையானவர். ஒரு சைவ மடத்தின் தலைவர் கிறிஸ்தவர்களின் துயரத்தையும் கேட்க வந்ததே ஓர் உரைக்குச் சமம். தம் கூட்டத்தாரிடம் கசப்பான உண்மையைச் சொல்லத் துணிந்தவரின் பேச்சைத்தான் மாற்றுக் கூட்டத்தார் நம்புவார்கள். தன் தரப்பின் குற்றத்தைப் பற்றி வாய் திறக்காமல் ‘அமைதி காப்போம்’ என்பவர், எதிர்த் தரப்பை மட்டும் அமைதி காக்கச் சொல்வதாகவே அது காதில் விழும்.

ஒக்கியில் என் அண்ணன் திரும்பவில்லை. ‘கடலின் மைந்தர்கள்’, ‘வீரமிக்க மீனவச் சமுதாயம்’ என்று எங்களைப் புகழ்ந்தார்கள். தேடுவதற்குக் கப்பல் கேட்டபோது புகழ்ச்சிதான் வந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது? – வாசகி, தூத்தூர்

உங்கள் இழப்புக்கு முதலில் தலைவணங்குகிறேன், அம்மா.

துன்பத்தில் இருப்பவரின் வீரத்தைப் புகழ்வதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. நீங்கள் தாங்கிக்கொள்ளும் ஆற்றல் உள்ளவர்கள் என்று சொல்லும்போதே, ஆகவே நீங்களே தாங்கிக்கொள்ளுங்கள் என்ற பொருளும் சேர்ந்து வந்துவிடுகிறது. துணிவு என்ற விழுமியம் அப்போது அரசின் தோளிலிருந்து இறங்கி, இழந்தவரின் தோளில் போய் அமர்கிறது. நெருக்கடி உரையைக் கேட்கும்போதெல்லாம் நான் கவனிப்பது இதைத்தான். சொல்லப்படும் உயர்ந்த சொல் யார்மேல் கடமையை ஏற்றுகிறது?

2017 நவம்பர் 30-ஆம் தேதி புயல் குமரிக் கரையை ஒட்டிக் கடந்தபோது, நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள ஊர்களின் ஆழ்கடல் படகுகள் பல நாள்களுக்கு முன்பே கிளம்பி எச்சரிக்கை எட்டாத தொலைவில் இருந்தன. டிசம்பர் 7-இல் அந்த ஊர்களின் மக்கள் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்து வந்து தண்டவாளத்தில் அமர்ந்ததை மறக்க முடியாது. பெண்கள் கையில் கணவரின், மகனின் புகைப்படங்கள் இருந்தன. தேவாலயப் பங்குப் பேரவையினர் கையில் பள்ளிக் குறிப்பேடுகள் இருந்தன. அவற்றில் ஒவ்வொரு படகின் பெயரும் அதில் போனவர்களின் பெயரும் வயதும் வரிசையாக எழுதப்பட்டு, திரும்பியவர்களின் பெயருக்கு நேரே மட்டும் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தது. அரசின் கணக்கும் ஊரின் கணக்கும் ஒத்துப்போகாத அந்த நாள்களில், அந்தக் குறிப்பேட்டைக் கையில் வாங்கி, இதுதான் கணக்கு, இதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் நான் பொறுப்பு என்று ஒரு தலைவர் முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால், அதற்கு ஈடான உரை வேறில்லை. மத்திய அமைச்சர் நிர்மலா சீதாராமன் டிசம்பர் தொடக்கத்திலேயே வந்து, கொதித்துப் போயிருந்த மக்களிடம் கைகூப்பித் தமிழில் பொறுமை வேண்டினார். முதலமைச்சர் பழனிசாமி டிசம்பர் 12-இல் தூத்தூருக்கு வந்து, உயிரிழந்த மீனவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் அறிவித்தார். பிரதமர் வந்தது 19-ஆம் தேதி. வந்தவர்களின் வருத்தம் உண்மையானது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பொறுமை என்பது, தேடும் பணி எங்கே எவ்வளவு நடக்கிறது என்ற கணக்கை நாள்தோறும் கொடுப்பவர் கேட்கக்கூடிய விழுமியம். கணக்குத் தராமல் பொறுமையை மட்டும் கேட்டால், மக்கள் தண்டவாளத்தில் போய் உட்காருவதைத் தவிர வேறென்ன செய்வார்கள்?

புகழ்ச்சியே கூடாது என்று சொல்ல வரவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தபோது கடற்கரையோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள். முதலமைச்சர் பினராயி விஜயன் அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்று போற்றினார். கூடவே, சேதமடைந்த படகுகளை அரசு பழுதுபார்த்துத் தரும் என்றும் அறிவித்தார். அங்கே புகழ்ச்சியோடு கடமையும் சேர்ந்து வந்தது. அதனால் அந்தச் சொல் இன்றும் அம்மக்களிடம் மதிப்போடு நிற்கிறது.

நெருக்கடியில் தலைவர்கள் ‘நாம் அனைவரும் ஒன்று’ என்கிறார்கள். சிறுபான்மையினரான நாங்கள் அதில் அடக்கமா என்று சில நேரம் ஐயம் எழுகிறது. – வணிகர், தேங்காய்ப்பட்டணம்

அந்த ஐயம் நியாயமானது. பொது விழுமியம் என்று ஒரு தலைவர் எடுத்துக்கொள்வது உண்மையில் எல்லோருக்கும் பொதுவா, பெரும்பான்மைக்கு மட்டும் உரியதா என்பதைக் கேட்பவரே முதலில் உணர்கிறார். பேசுபவருக்குப் பல நேரம் அது தெரிவதில்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குச் சில நாள்கள் கழித்து அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், வரவிருக்கும் போரைச் சிலுவைப் போர் என்று பொருள்படும் சொல்லால் குறிப்பிட்டார். உலக முஸ்லிம்களிடையே அது ஏற்படுத்திய அதிர்ச்சியைக் கண்டு வெள்ளை மாளிகை பின்னர் வருத்தம் தெரிவித்தது. அந்தச் சொல்லைச் சொன்ன மறுநாளே, செப்டம்பர் 17-இல், வாஷிங்டனில் உள்ள இஸ்லாமிய மையத்துக்கு அவரே சென்று, இஸ்லாம் அமைதியின் மார்க்கம் என்று பேசினார். அது நல்ல செயல். ஆனால் 20-ஆம் தேதி நாடாளுமன்றத்தில், எங்களோடு இருங்கள், இல்லையேல் பயங்கரவாதிகளோடு இருக்கிறீர்கள் என்று உலக நாடுகளைப் பார்த்துச் சொன்னபோது, இடையில் நின்று கேள்வி கேட்கும் இடம் மறுபடியும் மூடப்பட்டது.

2019 மார்ச் 15-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். பலர் அந்நாட்டுக்குக் குடிபெயர்ந்து வந்தவர்கள். பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் அவர்களைப் பற்றி, அவர்கள்தாம் நாம் என்றார். கொலையாளியின் பெயரை உச்சரிக்க மறுத்தார். நாடாளுமன்ற உரையை ஸலாம் கூறித் தொடங்கினார். ஒரு மாதத்துக்குள் பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கி வகைகளைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் அந்தச் சொற்களை நான் இங்கே எடுத்துச் சொல்லியிருக்க மாட்டேன்.

நல்ல மனத்தோடு பேசிய தலைவரும் இதில் சறுக்கியதுண்டு. 1962 நவம்பரில் சீனப் படை வடகிழக்கு எல்லையில் உள்ள பொம்டிலாவைக் கைப்பற்றியதும் நேரு வானொலியில், தம் நெஞ்சம் அசாம் மக்களுக்காக வருந்துகிறது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் தில்லி தங்களைக் கைவிட்டு விடைபெறுகிறது என்றே அசாமியர் அதைக் கேட்டார்கள். அந்த மனக்குறை பல பத்தாண்டுகள் நீடித்தது. அவர்களுக்காக வருந்துவதைவிட, அவர்களோடு நிற்கிறோம், இன்ன செய்யப்போகிறோம் என்பதைத்தான் அவர்கள் எதிர்பார்த்தார்கள்.

தலைவர்கள் மேடையில் கண்ணீர் விடுவது உண்மையா, நடிப்பா? – வாசகர், ஆரல்வாய்மொழி

கண்ணீரை ஆராய்ந்து பார்க்கும் கருவி நம்மிடம் இல்லை. அது தேவையும் இல்லை. உண்மையாகவே அழுதவர் ஒன்றும் செய்யாமல் போனதுண்டு. முகம் சுளிக்காமல் கோப்பைப் பார்த்துக் கையெழுத்திட்டவர் ஆயிரம் குடும்பங்களைக் காத்ததுண்டு.

2020 ஊரடங்கில் வீட்டில் இருப்பதே நாட்டுக்குச் செய்யும் தியாகம் என்றார்கள். தோட்டத்துக்குப் போனால்தான் எனக்குக் கூலி. எல்லோரிடமும் ஒரே தியாகத்தைக் கேட்பது சரியா? – ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, குலசேகரம்

சரியல்ல. மாதச் சம்பளம் வாங்குபவர் வீட்டில் இருப்பதும் அன்றாடக் கூலி வாங்குபவர் வீட்டில் இருப்பதும் ஒரே தியாகம் ஆகாது.

தியாகத்தைக் கேட்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1965-இல் போரும் உணவுப் பற்றாக்குறையும் ஒன்றாக வந்தன. அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்த நாடு, அது எந்நேரமும் நின்றுபோகலாம் என்ற கவலையில் இருந்தது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை, திங்கட்கிழமை மாலை உணவை விட்டுவிடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். தம் வீட்டில் முதலில் அதைக் கடைப்பிடித்துப் பார்த்த பிறகே நாட்டிடம் கேட்டார் என்று அவருடைய மகன் பின்னாளில் கூறியிருக்கிறார். உங்கள் மாவட்டத்தில் இதன் நுட்பம் எளிதாக விளங்கும். சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் விரதம் இருப்பவர், தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பவர், ரமலானில் நோன்பு நோற்பவர் எல்லோரும் ஒரே தெருவில் வாழும் ஊர்கள் அவை. பசியை மனமுவந்து ஏற்பதன் மதிப்பு அங்கே எவருக்கும் புதிதன்று. சாஸ்திரி எல்லா மதத்தாரும் தம்முடையது என்று உரிமை கொண்டாடக்கூடிய விழுமியத்தைத் தேர்ந்தெடுத்தார். கேட்டதும் ஒரு வேளை உணவைத்தான். அதுவும் ஏற்கெனவே பட்டினி கிடப்பவரைப் பார்த்துக் கேட்டதன்று. அதே நேரத்தில் உழவரையும் போர்வீரரையும் ஒரே முழக்கத்தில் இணைத்து, உணவு விளைவிப்பதைப் போருக்கு நிகரான பணியாக உயர்த்தினார்.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் மோடி பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு தொடங்கியது. வீட்டு வாசலை லட்சுமணன் கிழித்த கோடாகக் கருதுங்கள் என்றார். கதை அறிந்தவர்களுக்கு அந்த உவமை உடனே விளங்கியது. நோயின் வேகத்தை விளக்கிய பகுதியும் தெளிவாகவே இருந்தது. ஏழைகளுக்கு நேரும் சிரமத்தை உரை குறிப்பிட்டது. ஆயினும் வேற்றூரில் தங்கிக் கூலி வேலை செய்பவர் எப்படித் தம் வாசலைச் சென்றடைவது என்பதற்கு அதில் வழி இல்லை. லட்சக்கணக்கானோர் நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். மார்ச் 29-இல் வானொலி உரையில் ஏழை மக்களிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். அது வரவேற்கத்தக்கது என்றாலும், ஐந்து நாள்களுக்கு முன்பே அவர்களை மனத்தில் வைத்து உரையும் திட்டமும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. உங்கள் மாவட்டத்துக் கடற்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரானில் மீன்பிடிக்கப் போயிருந்த குமரி மீனவர்கள் பலருக்கு, வீட்டில் இருங்கள் என்ற சொல் கடலுக்கு அப்பாலிருந்து கேட்டது. கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் அங்கிருந்து 600-க்கும் மேற்பட்ட இந்தியர்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது ஜூலை 1-இல்தான்.

அதே மார்ச் மாதம் 18-ஆம் தேதி ஜெர்மனியின் அப்போதைய ஆட்சித் தலைவர் அங்கெலா மெர்க்கெல் ஆற்றிய உரையை இதனுடன் வைத்துப் பார்க்கலாம். கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்த அவர், பயணம் செய்யும் உரிமையைப் போராடிப் பெற்ற தம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் முற்றிலும் தவிர்க்க முடியாத நிலையில்தான் நியாயமாகும் என்றார். பறிக்கப்போகும் உரிமையின் விலையைத் தாமே முதலில் சொன்னார். அங்காடிகளில் பணம் வாங்கும் இடத்தில் அமர்ந்திருப்பவர்களுக்கும் அடுக்குகளில் பொருள்களை நிரப்புபவர்களுக்கும் வழக்கமாக எவரும் நன்றி சொல்லாத குறையைத் தீர்ப்பதுபோல் தனியே நன்றி கூறினார். தியாகம் யார் தலையில் அதிகம் விழுகிறது என்பதை அறிந்து பேசிய உரை அது.

நெருக்கடி நேரத்தில் ஆட்சியாளரைக் கேள்வி கேட்பது நாட்டுக்குச் செய்யும் துரோகம் என்கிறார்களே? – வாசகர், புதுக்கடை

புதுக்கடையிலிருந்து இந்தக் கேள்வி வருவது என்னை நெகிழச் செய்கிறது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு இணைக்க வேண்டும் என்று கோரிய மக்கள்மீது 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் உங்கள் ஊரிலும் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலக் காவல்துறை சுட்டது, உயிர்கள் போயின. அப்போது முதலமைச்சராக இருந்தவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை. அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அந்நேரம் வட நாட்டில் நைனிச் சிறையில் இருந்தார். அங்கிருந்தே, இந்த அரசு பதவி விலக வேண்டும் என்று கோரினார். நிராயுதபாணிகளான மக்களைச் சுடும் அரசு சோஷலிஸ்ட் அரசாக இருக்க முடியாது என்பது அவர் நிலை. கட்சி அதை ஏற்கவில்லை. அவர் பொறுப்பைத் துறந்தார். அடுத்த ஆண்டு கட்சியிலிருந்தே பிரிந்து தனிக்கட்சி கண்டார். அவர் தமிழர் அல்லர்; எல்லைப் பிரச்சினையில் அவருக்குச் சொந்த நலன் எதுவும் இல்லை. நாள்தோறும் தம் கட்சி மேடையில் முழங்கிய விழுமியத்தை, தம் கட்சி ஆட்சிக்கே எதிராக நீட்டிப் பிடித்தார். அதனால் அவர் இழந்தது கட்சியை. கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த 1956 நவம்பர் 1-ஐக் கொண்டாடும்போது இணைப்புப் போராட்டத் தலைவர் மார்ஷல் நேசமணியோடு இவரையும் ஒரு கணம் எண்ணிக்கொள்வது தகும்.

துரோகம் என்ற குற்றச்சாட்டுக்கு வரலாறு நல்ல பதில் தருகிறது. 1940 மே மாதத்தில் ஜெர்மனியோடு போரில் இருந்தபோதே பிரிட்டன் நாடாளுமன்றம் இரண்டு நாள் விவாதித்துச் சேம்பர்லினின் ஆட்சியை ஆட்டம்காண வைத்தது. அதன் விளைவாகவே சர்ச்சில் பிரதமரானார். ரத்தமும் உழைப்பும் கண்ணீரும் வியர்வையும் தவிர என்னிடம் தருவதற்கு ஒன்றுமில்லை என்று அவர் கூறிய உரை, கேள்வி கேட்ட அந்த அவையில்தான் பிறந்தது. சீனப் போர் நடந்துகொண்டிருந்த 1962 நவம்பரில் நம் நாடாளுமன்றமும் முன்கூட்டியே கூடி விவாதித்தது. பாதுகாப்புத் துறையை வைத்திருந்த கிருஷ்ண மேனன் பதவி விலக நேர்ந்தது. அதே போரின்போது அண்ணா, தனிநாட்டுக் கோரிக்கையை ஒதுக்கிவைத்து அரசின் பின்னால் நின்றார். கேள்வியும் ஆதரவும் ஒரே நாட்டில் ஒரே மாதத்தில் சேர்ந்து இருந்தன.

இதற்கு மாறாக 1975 ஜூன் 26 காலை, குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவித்திருக்கிறார், பதற்றப்பட ஒன்றுமில்லை என்று இந்திரா காந்தி வானொலியில் சொன்னபோது, கேள்வி கேட்கக்கூடிய தலைவர்கள் பலர் முந்தைய இரவே சிறைக்குப் போயிருந்தார்கள். சனநாயகத்தைக் காக்கவே இது என்று அந்த உரையும் விழுமியத்தைத்தான் பேசியது. அவ்வாறு பேசும் குரல் மட்டும் ஒலித்து, மறுமொழி சொல்லும் வாய்கள் மூடப்பட்டிருந்தால், சொல் எவ்வளவு உயர்ந்ததானாலும் அஞ்ச வேண்டியதுதான்.

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இத்தகைய உரைகளைக் கேட்கப் பழக்க விரும்புகிறேன். எளிய பயிற்சி ஏதேனும் உண்டா? – ஆசிரியை, திங்கள்சந்தை

உண்டு. செய்தித்தாளில் முழுமையாக வெளியான இரண்டு உரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று அவர்களின் வீடுகளில் விரும்பப்படும் தலைவருடையதாகவும் மற்றொன்று விரும்பப்படாதவருடையதாகவும் இருக்கட்டும். பேசியவரின் பெயரை மறைத்துக் கொடுங்கள். ஒற்றுமை, தியாகம், துணிவு போன்ற சொற்கள் வரும் ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் கோடிட்டு, அந்த வாக்கியத்தின்படி நாளைக் காலை யார் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். மக்கள் செய்ய வேண்டியவை ஒரு நிறத்திலும் அரசு செய்ய வேண்டியவை வேறொரு நிறத்திலும் இருக்கட்டும். யார் செய்ய வேண்டும் என்றே தெரியாத வாக்கியங்களுக்குப் பென்சில் போதும். பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். மாணவர்கள் எழுதியவற்றில் சிலவற்றை எனக்கு அனுப்பினால் அடுத்த இதழில் அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.